முழு மிதி

சனிக்கிழமை காலையில் மைக்ரான் பழைய காரை எடுத்துக்கொண்டு போய், நெடுஞ்சாலைப் பாலம் வரைக்கும் ஓட்டித் திரும்பினாள். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால்தான் அளவு உண்மை பேசும் என்பது அவள் கட்சி. ஆறின எஞ்சினைச் சோதிக்கிறவனை அவள் மெக்கானிக் என்று ஒத்துக்கொள்வதில்லை.

மைக்ரான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வால்வுகளைத் தேய்த்து உட்கார்த்துகிற பட்டறையில் பதினேழு வருஷமாக வேலை. தலைமுடி கனத்தில் இருபதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "மில்லிமீட்டர்ல பேசுறவன் தச்சு வேலைக்குப் போகட்டும்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பேர்; அன்றைக்கு அது அவளோடு ஒட்டிக்கொண்டது. இப்போது காய்கறிக்காரர்கூட "என்ன மைக்ரான், கால் கிலோவா அரைக் கிலோவா?" என்றுதான் கேட்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சிமெண்ட் தரையில் எண்ணெய்க் கறை. சமையலறை ஜன்னல் கொட்டகைக்குள்ளேயே திறக்கும் என்பதால் வீட்டில் வெங்காயம் வதங்கினால் கொட்டகையிலும், கொட்டகையில் பெட்ரோல் சிந்தினால் சோற்றிலும் வாசம் வரும். மழை இல்லாத மாசம். தகரம் காய்ந்து அவ்வப்போது படபடவென்று சத்தம் போட்டது.

கொட்டகையில் இருந்த ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் கணவனின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வாடகைக் கார்கள் பதினான்கு வைத்து நடத்துகிறவர். இஸ்திரி கலையாத சட்டை. இந்தப் பழைய காரும் அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அவர் வாங்கி, தம்பி ஓட்டின கார். மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்.

அந்தத் தம்பிதான் மைக்ரானின் கணவன். மூணாங்கியர் என்று பெயர். எப்பேர்ப்பட்ட மேட்டிலும் மூன்றாவது கியரை விட்டு இறங்க மாட்டான் என்பதால் மற்ற டிரைவர்கள் வைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகெலும்பில் டிஸ்க் விலகி, ஆபரேஷன் ஆகி, அதிலிருந்து வாடகைக்கு ஓட்டுவதில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்தால் முதுகு பிடிக்கிறது என்றான். அண்ணனின் அலுவலகத்தில் போன் எடுத்து வண்டி அனுப்புகிற வேலை. நடையில் ஒரு சின்ன இழுப்பு மிச்சம் இருந்தது. எண்பது சதவீதம் சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னதாகச் சொல்லியிருந்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஊருக்கு மேற்கே இருக்கிற கோபுரக் குன்றில் சாலையை மறித்துவிட்டுக் கார்களை ஒவ்வொன்றாக மேலே விடுவார்கள். நான்கரைக் கிலோமீட்டர், பத்தொன்பது வளைவு, நேரம் குறிக்க ஆள். ஆபரேஷனுக்கு முந்தின வருஷம் மூணாங்கியர் இந்தக் காரோடு போனான். கடைசி மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கி, ஊர்ந்து, ஒரு வழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். கிழவர் படியேறி முடித்தால் தட்டுகிற மாதிரியான கைதட்டல். அது மைக்ரானின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

அதற்காகத்தான் இந்தச் சூப்பர்சார்ஜர். விபத்தில் நொறுங்கின ஒரு காரிலிருந்து கழற்றி வந்தது, மேசை மேல் துணி போர்த்திக் கிடந்தது. எஞ்சினின் பெல்ட்டிலேயே சுற்றி, சிலிண்டருக்குள் காற்றை அடைத்துத் திணிக்கிற சாமான்.

"உடம்பு தளர்ந்து கெடக்கிற கெழவனுக்கு வாயில பம்பை வச்சு ஊதினா எழுந்து ஓடுவானா, வெடிச்சுப் போவானாம்மா?" என்றார் அண்ணன்.

"உள்ள ஓட்டை இருந்தா வெடிப்பான் மாமா. அதைப் பாக்கத்தானே இந்தச் சோதனை."

"பாத்துட்டு?"

"நாலு சிலிண்டரும் உள்ள அழுத்தம் நூத்தம்பது பவுண்டுக்கு மேல காட்டினா மாட்டுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க சொன்னபடி பழைய இரும்புக்கு அனுப்பிடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அளவு சொன்னா சொன்னதுதான்."

"இதை எழுதி வாங்கிக்கவா?"

"என் பேரைக் கேட்டுட்டு வந்து எழுதி வாங்குங்க."

அண்ணன் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. இந்தக் காரைத் தள்ளிவிட்டு, தம்பிக்குக் கியர் போட வேண்டாத சின்னக் கார் ஒன்று தருவதாக ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தருகிறேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் மைக்ரானுக்கு அந்தக் கைதட்டல்தான் கேட்டது.

நான்கு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் துணியில் வைத்தாள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை உருவினாள். முதல் சிலிண்டரின் துளையில் அழுத்தம் காட்டும் மானியைத் திருகினாள். தூக்கி நிறுத்தின பானட்டுக்குப் பின்னால், டிரைவர் இருக்கையில், மூணாங்கியர்.

"ஏங்க, ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க. தரையோட தரையா."

"மிதிச்சாச்சு!"

"சாவி!"

எஞ்சின் உஸ் உஸ் உஸ் என்று சுற்றியது. முள் நாலைந்து எட்டு வைத்து ஏறி நின்றது. தொண்ணூற்று மூன்று.

அவள் மானியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி. தொண்ணூற்று மூன்று.

இரண்டாவது, தொண்ணூற்றைந்து. மூன்றாவது, தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொரு தடவையும் "முழுசா மிதிங்க!" என்று அவள் கத்தினாள். ஒவ்வொரு தடவையும் பானட்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து "மிதிச்சாச்சு!" என்று பதில் வந்தது. நாலாவது, தொண்ணூற்று நான்கு.

துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தாள். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் அடைத்துக்கொண்டு முள் எகிற வேண்டும். ஐந்து பவுண்டு ஏறினது, அவ்வளவுதான்.

அண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கேலி பண்ணவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மனசைத் தளர விடாதம்மா. அதுவும் எவ்வளவுதான் ஓடும்? திங்கக்கிழமை காலையில இழுவை வண்டி அனுப்புறேன்" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சொன்னது சொன்னதுதானே.

சாப்பிட உட்கார்ந்தபோது மூணாங்கியர் வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டான். இரண்டாவது முட்டை கேட்டான்.

"போகட்டும் விடு. அதுக்கும் வயசாச்சு" என்றான்.

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"வருத்தப்பட்டா நம்பர் ஏறுமா? நீயே சொல்லு, நீதானே நம்பர் ஆளு."

தனக்காகத் தைரியமாக இருந்து காட்டுகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று நான்கு. எத்தனை எஞ்சின்களைப் பிரித்திருக்கிறாள்? நான்கும் ஒரே அளவில் கெட்ட எஞ்சினை அவள் பார்த்ததில்லை. ஒரு சிலிண்டர் சூடு தின்னும், ஒன்று எண்ணெய் தின்னும், ஒன்று கடைசி வரை புதுசு மாதிரி இருக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. நான்கும் கை கோத்துக்கொண்டு ஒன்றாகக் கெட்டுப் போகுமா?

ஈரக்கையோடு கொட்டகைக்குப் போனாள். வால்வுகள் திறக்கும் நேரத்தைக் காட்டுகிற டைமிங் குறிகளை மூடி கழற்றிப் பார்த்தாள். பல் சக்கரத்தில் ஒரு பல்லும் நழுவவில்லை. மானியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஸ்கூட்டரில் போய், அங்கே இருக்கிற காற்றுத் தொட்டியில் மாட்டினாள். தொட்டியின் மானி நூறு என்றது, இவள் மானியும் நூறு என்றது. வளையமும் சரி, குறியும் சரி, மானியும் சரி. பிறகு என்னதான் பாக்கி?

திரும்பி வரும் வழியில், சிக்னலில் நிற்கும்போது தோன்றியது. உள்ளே வந்த காற்றைத்தானே பிஸ்டன் அழுத்த முடியும். காற்றே வராவிட்டால்?

வீட்டுக்கு வந்து, எஞ்சினுக்குக் காற்று போகிற ரப்பர்க் குழாயைக் கழற்றினாள். அதன் வாயில் வட்டமான பித்தளைத் தகடு. மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். கேபிள் தளர்ந்து, முழுசாக இழுக்காமல் இருக்கும் என்று நினைத்தாள். கையால் கேபிளை இழுத்தாள். தகடு வழுக்கிக்கொண்டு முழுசாகத் திறந்தது.

"ஏங்க! கொஞ்சம் வந்து மிதிங்க!"

"இப்ப எதுக்கு? பேட்டரி தீந்துடும்."

"சாவி வேணாம். மிதிச்சா போதும்."

"பேப்பர் படிச்சுட்டிருக்கேன்."

"நேத்தைய பேப்பர்தானே, ஓடிடாது. வாங்க."

அவன் வந்து உட்காருவது வண்டி அசைந்ததில் தெரிந்தது. பானட்டுக்கு இந்தப்பக்கம் அவள் குனிந்து தகட்டையே பார்த்தாள்.

"முழுசா மிதிங்க."

தகடு ஒரு நூல் அளவு விலகியது. காகிதம் நுழையலாம், அவ்வளவுதான். விலகின இடத்தில் நிற்காமல் நடுங்கியது. குளிரில் பல் அடிக்கிற மாதிரி, சின்னச் சின்னதாக, வட்டத்தின் விளிம்பில் ஒளி வருவதும் போவதுமாக.

"மிதிச்சாச்சு!" என்றான் மூணாங்கியர், அந்தப்பக்கத்திலிருந்து, கணீரென்று.

தகடு நடுங்கிக்கொண்டேயிருந்தது. அவன் முழுப் பலத்தையும் போட்டு மிதிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு திருப்புளியை எடுத்துத் தகட்டை அகலத் திறந்து இடுக்கிவிட்டாள். மானியைத் திருகினாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றாள்.

"காலை எடுத்துடுங்க. சாவியை மட்டும் திருப்புங்க."

ஆறின எஞ்சினிலேயே நூற்று அறுபத்தெட்டு.

அடுத்தது நூற்று எழுபத்தொன்று. நூற்று அறுபத்தைந்து. நூற்று எழுபது.

அவள் பானட்டைச் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கால் மிதிகட்டையின் மேல் கிடந்தது.

"எத்தனை நாளா?"

"ஆபரேஷன்லேர்ந்தே."

"எண்பது சதவீதம்னீங்க?"

"அந்தம்மா எண்பதுன்னு சொன்னது முதுகை. காலைப் பத்தி நரம்பு பட்டுப்போச்சு, இனிமே பெரிசா எதிர்பாக்காதீங்கன்னாங்க. தூக்க முடியுது, நடக்க முடியுது. அழுத்தத்தான் வரல."

"நேத்து நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் மிதிச்சாச்சுன்னீங்க."

"மிதிச்சேன்தான். அது கேக்கல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் ஜெயித்தது.

"நல்ல எஞ்சினைச் செத்துப்போச்சுன்னு சொல்ல வச்சீங்களே. என் கையால அளந்து, என் வாயால சொல்ல வச்சீங்களே."

"எஞ்சின் செத்துப்போச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க மைக்ரான். இந்த வருஷம் ஏன் ஓட்டலன்னு கேட்டா, வண்டி போயிடுச்சுப்பான்னு சொல்லிட்டுப் போயிடலாம். காலு செத்துப்போச்சுன்னு யாருகிட்ட சொல்றது? சொன்னா கை தட்டுவானுங்க."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். கைதட்டல் அவன் காதிலும் இருந்திருக்கிறது.

"நாளைக்கு மாமா வருவாரு. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"நம்பர் மாறிடுச்சுன்னு சொல்லு."

"எப்படி மாறிச்சுன்னு கேப்பாரு. வண்டியைக் காப்பாத்த நம்பரை மாத்திட்டேன்னு நினைப்பாரு. பதினேழு வருஷத்துல ஒரு பொய் நம்பர் சொன்னதில்ல நான்."

"அப்ப வண்டி போகட்டும்."

"போகட்டும்னு வாயால சொல்றீங்க. அந்த ஸ்டியரிங்கை விடுங்களேன் பாப்போம்."

அவன் விடவில்லை.

"நான் சொல்லமாட்டேன். அது உங்க காலு. சொன்னா நீங்க சொல்லணும். சொல்லலன்னா வண்டி போகும், நான் வாய் திறக்காம நிப்பேன். ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் என் முன்னாடி இந்த எஞ்சினை ஒரு வார்த்தை குறை சொல்லக்கூடாது."

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் இழுவை வண்டி வந்துவிட்டது. அதை ஓட்டி வந்தவர் தொப்பையும் தொப்பியுமாக இருந்தார். இறங்கினதும் காரைச் சுற்றி வந்து, "ரதம் மாதிரி வச்சிருக்கீங்க. இதையா உடைக்கப் போறோம்?" என்று கேட்டார்.

"உன் வேலையைப் பாருய்யா" என்றார் பின்னாலேயே வந்த அண்ணன்.

"என் வேலையே இதானே சார். நல்லதைப் பாத்து வயிறெரிஞ்சுட்டு மாட்டறது."

மைக்ரான் மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லியிருந்தாள். கொக்கி காருக்கு அடியில் போயிற்று. சங்கிலி இறுகத் தொடங்கி, முன்பக்கம் ஒரு விரற்கடை எழும்பியது. அவள் மூணாங்கியரைப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாகத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நிறுத்தச் சொல்லு" என்றான் மூணாங்கியர், காருக்குப் பக்கத்திலிருந்து.

"என்னடா?"

"நிறுத்தச் சொல்லு. இறக்குங்க சார். நீ இப்படி வா அண்ணே. முன்னாடி வந்து இந்த ஓட்டைக்குள்ள பாரு. தகடு தெரியுதா?"

"தெரியுது."

மூணாங்கியர் போய் இருக்கையில் உட்கார்ந்தான். காலை மிதிகட்டையில் வைத்தான். "இப்ப முழுசா மிதிக்கிறேன். பாத்துட்டு என்ன தெரியுதுன்னு சொல்லு."

அண்ணன் குனிந்து பார்த்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. இழுவைக்காரரும் அவர் தோள் மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நடுங்குது" என்றார் அண்ணன்.

"அது வண்டி இல்ல அண்ணே. நான். சனிக்கிழமை அவ அளந்தது என்னை. மைக்ரான், மானியை மாட்டு."

அவள் மானியை எடுத்து வந்தாள். அதன் முனையைப் புடவையில் துடைத்துவிட்டுத் திருகினாள்.

மூணாங்கியர் இருக்கையிலிருந்து சரிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, இடது கையால் மிதிகட்டையைத் தரையோடு அழுத்தினான். வலது கையை மேலே நீட்டித் தடவிச் சாவியைப் பிடித்தான். ஆளே தெரியவில்லை, முதுகு மட்டும் தெரிந்தது.

"முழுசா மிதிச்சீங்களா?" என்று அவள் கேட்டாள். பழக்கம்.

"அமுக்கியாச்சு!"

"சாவி!"

முள் ஏறி நின்றது. அவள் மானியை அண்ணன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நூத்தி அறுபத்தெட்டு."

"மிச்ச மூணையும் நீங்களே படிங்க மாமா."

மூன்றையும் அவரே படித்தார். கடைசி எண்ணைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியும்டா" என்றார் தம்பியைப் பார்த்து. "ஆபீஸ் மாடிப்படியில நீ ஏறுறதை ஒரு வருஷமாப் பாக்கறேன். ரெண்டு காலையும் ஒரே படியில வச்சு வச்சு ஏறுற. அதனாலதான், இடது காலாலேயே ஓட்டிக்கலாம்னு, அந்தச் சின்ன வண்டியை வாங்கிக்கோன்னு சொல்லிட்டிருந்தேன்."

"தெரிஞ்சா கேட்டிருக்கணும்."

"கேட்டா நீ சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்" என்றான் மூணாங்கியர். "ஆனா கேட்டிருக்கணும்."

தகரம் படபடத்தது.

"சரி, எஞ்சின் நல்லாருக்கு. ஒத்துக்கறேன்" என்றார் அண்ணன். "ஆனா யாரு ஓட்டுறது? கையால அமுக்கிட்டு, கீழ படுத்துட்டா குன்றேறுவ?"

"அவ ஓட்டுவா."

மைக்ரான் திரும்பினாள். இதை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"நானா? வளைவு வந்தா நான் பிரேக்ல ஏறி நிப்பேன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்வீங்க?"

"நிப்ப. நான் பக்கத்து சீட்ல உக்காந்து திட்டுவேன். பத்தொன்பது வளைவும் எனக்கு மனப்பாடம், காலு உன்னுது. மூணுக்குக் கீழ மட்டும் இறங்கிடாத."

"திட்டினா பாதி வழியில இறக்கி விட்டுடுவேன்."

"இறக்கி விடு. நடந்தாவது வந்து சேருவேன், கை தட்டுறவனுங்களை உதைக்க இன்னொரு காலு இருக்கு."

இழுவைக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்தது தப்போ என்று அண்ணனைப் பார்த்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "வெயிட் பண்ணுனா நேரம் போகுது சார். கொக்கியை எடுத்துடவா?"

"எடுய்யா, எடு."

மைக்ரான் மேசைத் துணியை உருவினாள். ஒரு தடவை வேலை என்று வந்துவிட்டால் அவள் குரலில் குழைவு இருக்காது. "ஆறு பவுண்டு காத்துதான் குடுப்பேன். அதுக்கு மேல கேட்டா இப்பவே சொல்லிடுங்க, கையைக் கழுவிட்டு உள்ள போயிடறேன். ரேடியேட்டர் மாத்தணும். பெட்ரோல் ஊத்துற நாலு முனையையும் கழட்டிச் சுத்தம் பண்ணணும். சீக்கிரம் சூடாகாத பிளக்கா வாங்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி எஞ்சினோட மூக்குல பெல்ட்டைச் சுத்துற புல்லி கழண்டு வரணும். அது கழண்டாத்தான் சூப்பர்சார்ஜரோட பெரிய பெல்ட்டுக்குப் புதுப் புல்லி மாட்ட முடியும்."

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, அந்தப் புல்லியின் போல்ட்டில் சாக்கெட்டைப் பொருத்தினாள். தொழிற்சாலையில் இறுக்கினதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. கைப்பிடியில் ஒரு ஆள் நீள இரும்புக் குழாயைச் சொருகினாள். தொங்கினாள். போல்ட்டுக்குப் பதிலாக எஞ்சினே சுற்றியது.

"டாப் கியர் போட்டுட்டுப் பிரேக்கைப் பிடிக்கணும்" என்றாள். "எஞ்சின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி இருக்கும். விடாம மிதிக்கணும். லேசா விட்டாலும் எல்லாம் சுத்திடும்."

"நான் உக்காரட்டுமா?" என்றார் இழுவைக்காரர்.

"ஏன், எனக்கென்ன?" மூணாங்கியர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். வலது காலை நகர்த்தி ஓரமாக வைத்துவிட்டு, இடது காலைக் கொண்டுபோய்ப் பிரேக்கில் ஊன்றினான். முதுகை இருக்கையில் அழுத்திக்கொண்டான்.

அவள் குழாயில் தொங்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. அசையவில்லை.

"தள்ளும்மா" என்று சொல்லி அண்ணன் இஸ்திரி போட்ட சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அவள் பக்கத்தில் குந்திக் குழாயைப் பிடித்தார். "எந்தப்பக்கம்?"

"உங்க பக்கம் மாமா. கீழ அமுக்குங்க. நான் சொன்னதும். ஏங்க, முழுசா மிதிச்சீங்களா?"

கார் மொத்தமும் ஒரு தடவை முனகி இறுகியது. அவளுக்குப் பதில் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"மிதிச்சாச்சு!"

"அமுக்குங்க!"

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இழுவைக்காரர் இரண்டடி பின்னால் குதித்தார். அண்ணன் எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், கையில் குழாயோடு.

"உடைஞ்சுடுச்சா?" என்றார் பதறிப்போய்.

மைக்ரான் சாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினாள். போல்ட் வழவழவென்று திரும்பி வந்தது.

"இல்ல மாமா" என்றாள். "வழிக்கு வந்துடுச்சு."